ஓட்டுக்கூரையில் பாசி: தொட்டித் தண்ணீரும் கீழே ஓடையும் கெடாமல் எடுக்க என்ன வழி?

#1 ஓட்டுவீடு_கோத்தகிரி

மங்களூர் ஓட்டுக்கூரை, 1,100 சதுர அடி, இரண்டு சரிவு. ஒரு சரிவு முழுக்க விரல் கனத்துக்குப் பாசி. மறு சரிவில் கறுப்புக் கறை மட்டும். முகட்டு ஓடு சிமெண்டில் பதித்தது. கூரைத் தண்ணீர் 5,000 லிட்டர் தொட்டிக்குப் போகிறது. துவைக்க, செடிக்கு, சில நாள் காய்ச்சிக் குடிக்கவும். தொட்டி நிரம்பினால் வழிவது 40 அடி கீழே இருக்கும் ஓடைக்கு.

உரக்கடையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) என்கிறார்கள். பெயிண்ட் வேலை செய்பவர் ப்ளீச்சிங் பவுடர் தூவி பிரஷர் வாஷ் போடலாம் என்கிறார். இன்னொருவர் பி.கே.சி. என்று ஒரு கேன் காட்டினார், "இறால் பண்ணையிலேயே ஊற்றுகிறார்கள், ஆபத்தில்லை" என்றார். ஓடைக்குக் கெடுதல் வராத வழி இருந்தால் சொல்லுங்கள்.

#2 முகடு

எதுவும் வாங்குவதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள் சார்.

ஒன்று, சரிவு. பத்தடி நீளத்துக்கு எத்தனை அடி உயரம்? ஐந்தடிக்குக் குறைந்தால் மங்களூர் ஓட்டில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும்.

இரண்டு, கூரைக்கு மேல் என்ன மரம்.

மூன்று, பாசி ஓட்டின் எந்த இடத்தில் பிடித்திருக்கிறது. ஓட்டின் நடு முதுகில் மட்டும் மெல்லிய பச்சை என்றால் அவசரமே இல்லை, அழகுப் பிரச்சினைதான். ஓட்டின் கீழ் விளிம்பில் தடித்து, பக்கவாட்டுக் காடிக்குள் இறங்கியிருந்தால்தான் வேலை. ஒரு ஓடு இன்னொன்றோடு கவ்வும் அந்தக் காடி விரல் அகலம்கூட இருக்காது. பக்கவாட்டில் புகும் மழையை வடித்துக் கீழே விடுவது அதுதான். அதில் பாசி அடைத்தால் தண்ணீர் காடியைத் தாண்டி உள்ளே ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) மேல் சொட்டும். உள்ளே ஒழுக்கு தெரிவதற்கு இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும், அதற்குள் ரீப்பர் இற்றுப் போயிருக்கும். "ஓடு உடையவில்லை, ஆனால் ஒழுகுகிறது" என்று வரும் புகாரில் பாதி இதுதான்.

பாசிக்கு வேர் கிடையாது. மெல்லிய இழைகளால் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை இலையாலேயே குடிக்கும். அதனால் வேர்வரை மருந்து இறங்க வேண்டும் என்ற பேச்சே தேவையில்லை. காய்ந்த பாசியைக் கையாலேயே உரிக்கலாம்.

#3 காரம்_அமிலம்

கடையில் காட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மயில்துத்தம்: பாசியைக் கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் செம்பு மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் மிகக் கொஞ்சமே போதும். மலைத் தண்ணீர் மென்னீர், அதில் கால்சியம் குறைவு. மென்னீரில் செம்பின் நஞ்சு இன்னும் கூடும். போதாததற்கு கூரையோரத் தகரக் கால்வாய் ஜி.ஐ. என்றால் செம்பு கலந்த தண்ணீர் துத்தநாகப் பூச்சைத் தின்று ஓட்டை போடும்.

ப்ளீச்சிங் பவுடர்: பச்சையை வெள்ளையாக்கும், அதனால் வேலை முடிந்த மாதிரி தெரியும். தடித்த பாசியின் அடிப்பகுதி பிழைத்துக்கொள்ளும். கீழே உள்ள செடி கருகும், தகரம் துருப்பிடிக்கும்.

பி.கே.சி.: பென்சல்கோனியம் குளோரைடு, அது கிருமிநாசினி. குளத்தில் அளந்து போடுவது வேறு, கூரையில் கெட்டியாக அடித்து ஓடையில் கழுவி விடுவது வேறு. நீர்வாழ் உயிருக்கு நேரடி நஞ்சு.

அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) யாராவது சொல்வார்கள். புல்தரையில் பாசிக்கு அது நல்ல மருந்து. கூரையில் அடித்தால் சுவர் முழுக்கத் துருக்கறை வழியும், அதை எடுக்க முடியாது.

வினிகர் ஓட்டை ஒன்றும் செய்யாது, ஆனால் முகட்டு ஓட்டுச் சாந்தை அரிக்கும். சுண்ணாம்புச் சாந்து என்றால் கேட்கவே வேண்டாம்.

#4 ஓட்டுவீடு_கோத்தகிரி

அளந்தேன். பத்தடிக்கு நாலடிதான். மேலே இரண்டு சில்வர் ஓக், ஒரு கிளை கூரையைத் தொடுகிறது. பாசி கீழ் விளிம்பில்தான் தடிப்பு, கடைசி மூன்று வரிசையில் காடியே தெரியவில்லை. பாசிச் சரிவு வடக்கு பார்த்தது. வடக்குச் சரிவு என்றால் வெயில் படாது, பாசி வரத்தான் செய்யும் என்று படித்தேன்.

#5 முகடு

அந்த வடக்குச் சரிவுக் கதை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. கோத்தகிரி வட அட்சரேகை 11 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில்கூடச் சூரியன் 55 பாகை உயரத்தில் நிற்கும். உங்கள் சரிவு 22 பாகை, ஆக வடக்குச் சரிவுக்கும் வெயில் நன்றாகவே படும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை சூரியன் வடக்குப் பக்கமே நிற்கிறது. உங்கள் கூரையில் வெயிலை மறைப்பது திசை அல்ல, சில்வர் ஓக்.

அதனால் முதல் வேலை அரிவாள். கூரைக்கு மேலே தொங்கும் கிளையை ஓட்டிலிருந்து ஆறேழு அடியாவது விலகும்படி கழியுங்கள். சில்வர் ஓக் இலை ஓட்டு விளிம்பில் படிந்து மக்கி மண்ணாகிறது, பாசிக்கு அதுதான் படுக்கை. பெரிய கிளையை வெட்ட, குறிப்பாகக் கூரைப் பக்கம் சாயும் கிளையை வெட்ட, மரமேறும் ஆளைக் கூப்பிடுங்கள். மரத்தையே வெட்டுவதென்றால் மலைப்பகுதியில் அனுமதி வாங்க வேண்டும். கிளைக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது வேலை காய்ந்த பிரஷ். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவுக்குள், பத்து நாள் மழையில்லாமல் இருந்த பிறகு. ஈரப்பாசி சேறு மாதிரி இழுபடும், காடிக்குள் இன்னும் போய் அடையும். காய்ந்தது அப்பளம் மாதிரி வரும்.

- தேங்காய் நார் பிரஷ் அல்லது கடின நைலான். கம்பி பிரஷ் வேண்டாம். ஓட்டின் சுட்ட மேல்தோல் கீறினால் அடுத்த வருஷம் அங்கேதான் முதலில் பிடிக்கும்.
- முகட்டிலிருந்து இறவாரம் பார்த்து, கீழ்நோக்கி மட்டும். மேல்நோக்கித் தேய்த்தால் தூசு அடுக்குக்குள் ஏறும்.
- காடிக்கு மூங்கில் தப்பை. காடி அகலத்துக்குச் சீவி, முனையை லேசாக வளைத்து, மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் போட்டால் கவ்வு உதடு பெயர்ந்துவிடும், பெயர்ந்த ஓடு பிறகு எதற்கும் ஆகாது.
- கடைசி மூன்று வரிசையில் காடியே தெரியவில்லை என்கிறீர்கள். அங்கே ஓட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மேல் ஓட்டை இரண்டு அங்குலம் தூக்கி, கீழ் ஓட்டின் மூக்கை ரீப்பரிலிருந்து விடுவித்து எடுங்கள். தரையில் வைத்துத் தேய்த்து, அதே வரிசையில் திரும்ப மாட்டுங்கள். ஓட்டுக்கு சாக்பீஸில் எண் போட்டுக்கொண்டால் குழப்பமில்லை. பழைய ஓடுகள் ஒன்றுக்கொன்று சற்று வளைவு மாறியிருக்கும், இடம் மாறினால் கவ்வாது.
- கால்வாயையும் இறங்குகுழாய் வாயையும் சாக்குத்துணியால் முதலிலேயே அடைத்துவிடுங்கள். உதிரும் பாசி முழுக்க அங்கேதான் வரும்.

ஓட்டின் மேல் நேராக நடக்கக் கூடாது. இரண்டு கொக்கி அடித்த பலகை ஏணியை முகட்டில் மாட்டி அதன் மேல் இருந்து வேலை. இடுப்புக் கயிறு மறுபக்கத்துக் கைமரத்தில் கட்டியிருக்க வேண்டும், முகட்டு ஓட்டில் அல்ல. கீழே ஒருவர் கட்டாயம். வேலைக்கு முன் மின்சார சர்வீஸ் வயர் எங்கே ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் வாஷ் வேண்டவே வேண்டாம். மேலிருந்து வரும் மழைக்குத்தான் ஓட்டின் அடுக்கு. கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ அடிக்கும் பீய்ச்சலுக்கு அது திறந்த வாசல்.

#6 சமையலறைத்_தீர்வு

இவ்வளவு எதற்கு? லிட்டருக்கு 30 கிராம் சமையல் சோடா கலந்து தெளித்தால் பாசி இரண்டு நாளில் பழுப்பாகிவிடும். சாப்பிடும் பொருள், நஞ்சே இல்லை.

#7 காரம்_அமிலம்

பழுப்பாகும், உண்மைதான். ஆனால் ஓடு என்பது துளையுள்ள பொருள். சோடா கரைந்து துளைக்குள் போகும், காயும்போது உள்ளேயே படிகமாகும். மழை, வெயில், மழை, வெயில் என்று படிகம் கரைந்து திரும்பக் கட்டும்போதெல்லாம் துளைச்சுவரை நெம்பும். கொஞ்ச வருஷத்தில் ஓட்டின் மேல்தோல் பொரிந்து செதில் செதிலாக விழும். கடலோர வீட்டுச் செங்கல் உப்புப் பொரிந்து உதிர்வது இதே வேலைதான். வாஷிங் சோடா இன்னும் மோசம், கல்லுப்பும் இதே வேலைதான் செய்யும். சிமெண்ட் படியிலோ நடைபாதையிலோ எப்போதாவது சோடா போடுங்கள், பரவாயில்லை. ஓட்டில் வேண்டாம்.

"சாப்பிடுகிற பொருள்" என்பது கூரைக்கு ஒரு சான்றிதழே அல்ல. உப்பையும்தான் சாப்பிடுகிறோம்.

#8 சமையலறைத்_தீர்வு

சரி, ஏற்கிறேன். அப்படியானால் பிரஷ் பண்ணிய பிறகு மிச்சம் ஒட்டியிருப்பதற்கு என்ன அடிப்பது?

#9 இலைமருந்து

பொட்டாஷ் சோப். மாவுப்பூச்சிக்கு அடிக்கிறோமே, கொழுப்பு அமிலப் பொட்டாசியம் உப்பு, அதேதான். வெளிநாட்டில் பாசிக்கென்றே பாட்டிலில் அடைத்து விற்கும் மென்மையான மருந்துகளில் பலவற்றில் உள்ளே இருப்பது இதுதான். பாசியின் செல்சவ்வைக் கரைத்து உலர்த்திவிடும். மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர் சில நாளில் சிதைத்துவிடும்.

அளவு: கலக்கிய தண்ணீரில் சோப் 2 சதவீதம் இருக்க வேண்டும். பாட்டிலில் 40% என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 50 மி.லி., 16 லிட்டர் முதுகுத் தெளிப்பானுக்கு 800 மி.லி. பூச்சிக்கு அடிப்பதைவிட இது கெட்டி, அதனால் கீழே உள்ள செடிகளைத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள். பிரஷ் செய்த கூரையில் 16 லிட்டர் 300 முதல் 400 சதுர அடிக்கு வரும். வழிந்து ஓடும் அளவுக்கு அடிக்க வேண்டாம், நனைந்தால் போதும்.

தப்பு நடக்கிற இடங்கள்:

போர்வெல் தண்ணீரில் கலந்தால் சோப் திரிந்து தயிர் மாதிரி மிதக்கும், நாசில் அடைக்கும், வேலையும் செய்யாது. மழைத் தண்ணீரில் கலக்குங்கள். உங்களிடம்தான் தொட்டி நிறைய இருக்கிறதே.

உச்சி வெயிலில் அடித்தால் பாசிக்குள் இறங்குவதற்குள் காய்ந்துவிடும். காலைப் பனியில் பாசி லேசாக ஈரமாக, விரிந்து இருக்கும்போது அடியுங்கள். அதன்பின் ஒரு முழு நாளாவது மழை இருக்கக் கூடாது.

களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இதற்கு எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அந்த மிச்சம் உங்கள் குடிநீர்த் தொட்டிக்கு வரும்.

முதலில் பத்து ஓட்டில் மட்டும் அடித்து ஒரு வாரம் பாருங்கள். மஞ்சளாகி, பிறகு பழுப்பானால் சரி. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை காய்ந்த பிரஷ்.

ஒன்று மறந்துவிட வேண்டாம்: சோப்பும் நேராக ஓடையில் விழுந்தால் மீனுக்குக் கெடுதிதான். மண்ணில் விழுந்தால்தான் அது நல்ல பிள்ளை.

#10 ஜிங்க்_பட்டை

வருஷா வருஷம் ஏறி பிரஷ் போட யாரால் முடியும்? முகட்டுக்குக் கீழே மூன்று நாலு அங்குல அகலத்தில் ஜிங்க் பட்டை மாட்டினால் மழையில் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும், பாசி வராது. ஜி.ஐ. முகட்டுத் தகரம் போட்ட வீடுகளில் தகரத்துக்குக் கீழே மட்டும் கூரை சுத்தமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குடிதண்ணீர்த் தர அளவில் துத்தநாகம் லிட்டருக்கு 5 மி.கி. வரை இருக்கலாம் என்று ஐ.எஸ். 10500 சொல்கிறது. பிறகென்ன பயம்?

#11 காரம்_அமிலம்

மனிதனுக்கு 5 மி.கி. மீனுக்கு? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் நன்னீர் அளவுகோல், நடுத்தரக் கடினத் தண்ணீரில் 0.12 மி.கி. நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். மென்னீரில் அந்த வரம்பு இன்னும் கீழே இறங்கும். தொட்டித் தண்ணீரைக் குடிக்கிறவர் பிழைத்துக்கொள்வார், தொட்டி வழிந்து போகும் ஓடையில் இருப்பவை பிழைக்காது. தெளிப்பு ஒரு நாள் வேலை. பட்டை ஒவ்வொரு மழைக்கும் கசியும்.

#12 ஜிங்க்_பட்டை

ஓடைக்குப் போகும் வீட்டுக்கு ஒத்துக்கொள்கிறேன். கூரைத் தண்ணீர் முழுக்க உறிஞ்சுகுழிக்குப் போகும் வீட்டில் களிமண் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே பட்டை நியாயமான தீர்வு என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#13 முகடு

அங்கேயும் இரண்டு நிபந்தனை. ஏற்கெனவே தடித்த பாசியைப் பட்டை கொல்லாது, சுத்தம் செய்த பிறகுதான் பலன். பதினைந்தடிக்கு மேல் நீளமான சரிவில் கீழ்ப்பாதிக்கு எட்டாது. இவர் வீட்டில் தொல்லையே கடைசி மூன்று வரிசையில்!

#14 ஹட்டன்_மலை

எங்கட பக்கம் ஓடு குறைவு, அஸ்பெஸ்டாஸ் சீட்தான் கூட. அதிலயும் இப்படிக் காய்ஞ்ச பிரஷ் போடலாமா? பீலி (கூரையோரக் கால்வாய்) முழுக்கப் பாசி விழுந்து அடைச்சுக் கிடக்கு.

#15 முகடு

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். மேலே சொன்னது முழுக்க ஓட்டுக்கு. அஸ்பெஸ்டாஸில் காய்ந்த பிரஷ், சுரண்டல், பிரஷர் வாஷ் மூன்றுமே நார்த்தூசியைக் கிளப்பும். அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. பழைய சீட்டில் சிமெண்ட் அரித்து நார் வெளியே நிற்கும், அதன் மேல்தான் பாசி பிடித்திருக்கும். பாசியைப் பிய்த்தால் நாரும் சேர்ந்து வரும்.

ஏணியில் நின்றபடி பொட்டாஷ் சோப்பை மெல்லத் தெளித்து விட்டுவிடுங்கள். செத்த பாசி மழையில் தானாகப் போகட்டும். சீட் மேல் ஏறவே கூடாது, ஆணி வரிசையில்கூட உடையும். பீலியில் கிடப்பதை நன்றாக நனைத்து, ஈரமாகவே கரண்டியால் அள்ளிப் பையில் கட்டுங்கள். அதை உரக்குழியில் போடாதீர்கள்.

#16 இலைமருந்து

தொட்டி விஷயம் விட்டுப்போயிற்று. பிரஷ் தொடங்குவதற்கு முன் இறங்குகுழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி, ஒரு வளைவும் குழாய்த் துண்டும் போட்டு வாழைப் பக்கம் திருப்பிவிடுங்கள். மருந்தடித்த பிறகு நாலு நல்ல மழை அங்கேயே போகட்டும். ஐந்தாவது மழையில் ஒரு பாட்டில் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் இன்னும் சோப் இருக்கிறது, திருப்ப வேண்டாம்.

அதற்குப் பிறகும் முதல் மழைத் தண்ணீரைத் தள்ளிவிடும் அமைப்பு நிரந்தரமாக இருக்கட்டும். 1,100 சதுர அடி என்பது சுமார் 102 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 100 லிட்டர். நாலு அங்குலக் குழாய் மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் பிடிக்கும், பன்னிரண்டு மீட்டர் குழாய்க்கு எங்கே போவது? அதனால் 100 லிட்டர் டிரம். டிரம் நிரம்பியதும் மிதவைப் பந்து வாயை அடைக்கும், அப்புறம் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். டிரம்மின் அடியில் ஒரு சின்னக் குழாயைச் சொட்டும்படி திறந்தே வையுங்கள், அடுத்த மழைக்குள் காலியாகிவிடும். பலர் இதை மூடி வைத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

#17 மொட்டைமாடி_சென்னை

மெட்ராஸ் டெரஸ் (செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய தளம்), மேலே தட்டோடு. ஐப்பசி கார்த்திகையில் ஓட்டு இடுக்கெல்லாம் பாசி, கால் வைத்தால் வழுக்குகிறது. இதே சோப்பா?

#18 முகடு

உங்களுக்குச் சுண்ணாம்பே போதும். மழை முடிந்து, தை பிறந்த பிறகு, இடுக்கைச் சுரண்டி, பெயர்ந்த சாந்தை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசுங்கள். வெறும் சிமெண்ட் வேண்டாம், பழைய சுண்ணாம்புத் தளத்தோடு ஒட்டாமல் ஓரத்தில் கீறும். அதன் மேல் நீற்றிய சுண்ணாம்பு இரண்டு கை. சுண்ணாம்பின் காரத்தில் பாசி நிற்காது, வீடும் குளிரும். காற்றில் பட்டுப் பட்டு அந்தக் காரம் தணிந்துவிடும், அதனால்தான் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள், பாசி அங்கேதான் தொடங்கியிருக்கும்.

சரிந்த மங்களூர் ஓட்டில் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். உரிந்து கால்வாயை அடைக்கும்.

#19 ஓட்டுவீடு_கோத்தகிரி

சுத்தம் செய்த பிறகு ஓட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தால் பாசி திரும்ப வராதா?

#20 காரம்_அமிலம்

ஓட்டின் அடிப்பக்கமும் மூச்சு விடுகிறது. மேலே மட்டும் அக்ரிலிக் படலம் போட்டால் உள்ளே புகுந்த ஈரம் வெளியே வர முடியாமல் படலத்தைத் தூக்கும். உரிந்த ஓரத்தில் தண்ணீர் தங்கும், பாசி அங்கே குடியேறும். போட்டே ஆக வேண்டும் என்றால் சிலேன்-சிலாக்சேன் வகை நீர்விலக்கி. அது படலமாக நிற்காமல் துளைச்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஓடு முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும்.

அதற்கு முன் சோதனை: கழற்றிய ஓடுகளில் நாலைந்தை வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள், ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்துவிட்டு மறுபடி எடை. நன்றாகச் சுட்ட பழைய மங்களூர், பெரோக் ஓடு கொஞ்சமாகத்தான் குடிக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். அதற்குப் பூச்சே வேண்டாம். அதிகம் குடித்து, தட்டினால் மந்தமாகக் கேட்பதை மட்டும் மாற்றிவிடுங்கள். கூரை முழுக்கப் பூசுவதைவிட இருபது முப்பது ஓடு மாற்றுவது மலிவு.

#21 ஓட்டுவீடு_கோத்தகிரி

கடைசியாக ஒன்று. உதிர்த்த பாசி மூட்டைக் கணக்கில் வரும் போலிருக்கிறதே, என்ன செய்வது?

#22 இலைமருந்து

மருந்தடிக்கும் முன்னால் காய்ந்த பிரஷில் வந்ததைத் தனியாக வையுங்கள். ஆந்தூரியம், ஆர்க்கிட் தொட்டிக்கு அடியில் போட அதைவிட நல்லது கிடையாது, நர்சரிக்காரர்களே வாங்கிக்கொள்வார்கள். சோப் அடித்த பிறகு வருவதை வாழைக்கு அடியில் மண்ணோடு கலந்து புதைக்கலாம். ஓடைப் பக்கம் மட்டும் கொட்டாதீர்கள்.

#23 முகடு

மூட்டையை நனையவிடாமல் இறக்குங்கள். ஒரு சதுர அடிப் பாசி ஒரு செ.மீ. கனத்தில் பாதி தண்ணீர் பிடித்தால்கூட 450 கிராமுக்கு மேல். காய்ந்தபோது ஒரு கையால் தூக்கிய மூட்டையை மழை பெய்த மறுநாள் ஏணியில் இறக்கப் பார்த்தால் ஏணியோடு சேர்ந்து வரும்.

#24 ஓட்டுவீடு_கோத்தகிரி

நன்றி சார். கிளை இந்த வாரம், பிரஷ் பிப்ரவரி முதல் வாரம். பலகை ஏணிக்குக் கொக்கி எந்தக் கனத்தில் அடிப்பது?

#25 முகடு

12 மி.மீ. கம்பி, முகட்டின் மறுபக்கம் ஒரு அடியாவது இறங்கும்படி வளையுங்கள். கொக்கி ஓட்டில் உட்காரும் இடத்தில் சாக்கைச் சுற்றுங்கள், இல்லையென்றால் முதல் உடைசல் அங்கேதான்.